நோன்பு, விரத நாட்களில் நெஞ்செரிச்சலைச் சமாளிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரம்ஜான் பிறை பார்த்த இரண்டு மூன்று நாளில் வட சென்னையின் ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் எந்த மருந்துக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: “அண்ணே, சஹர் முடிச்சுப் படுத்தா நெஞ்சு எரியுது, வாய்க்குப் புளிப்பா ஏறி வருது. ஒரு கேஸ் மாத்திரை குடுங்க.” (சஹர் என்பது நோன்பு வைக்க விடியலுக்கு முன் உண்ணும் சாப்பாடு.) ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தால் முருகனுக்கு விரதம் இருப்பவர்கள் இதையே கேட்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை சாயங்காலங்களிலும், ஆடியில் கூழ் வார்க்கும் ஞாயிறுகளிலும், தவக்காலத்திலும் இதே கதைதான். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பதோடு முடிகிற விஷயம் இல்லை இது.

வயிறு காலியாகக் கிடப்பதால்தான் எரிகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெரும்பாலோருக்குத் தொல்லை ஆரம்பிப்பது பட்டினி நேரத்தில் அல்ல. விரதம் விடும் அந்த ஒரு மணி நேரத்திலும், சாப்பிட்ட கையோடு படுக்கும்போதும்தான். இந்த இரண்டு இடங்களையும் சரிசெய்துவிட்டால், பலரால் முப்பது நோன்பையும் நிம்மதியாகப் பிடிக்க முடியும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையின் வாய் மாதிரி அது. உணவு இறங்கும்போது திறக்கும், அப்புறம் இறுகிவிடும். வயிறு அளவுக்கு மேல் புடைத்தால் அந்த வளையம் அடிக்கடி தானாகத் தளர்கிறது. அப்போது அமிலம் மேலே ஏறுகிறது. இரைப்பையின் உட்சுவர் அமிலத்தைத் தாங்கும், உணவுக்குழாயின் சுவர் தாங்காது. அதுதான் எரிச்சல்.

இன்னொன்றும் உண்டு. சாப்பிட்டதும் சுரக்கும் புது அமிலம் முழுக்க உணவோடு கலந்துவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி உணவுக்கு மேலே, அந்த வளையத்துக்குக் கீழேயே தேங்கி நிற்கிறது. சாப்பிட்ட முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் எதுக்களிப்பு அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம். அந்த நேரத்தில் படுத்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காலி வயிற்றிலும் அமிலம் ஓரளவு சுரந்துகொண்டே இருக்கும், இரவில் கொஞ்சம் கூடுதலாக. அதை உடம்பே சமன் செய்யும் வழிகளில் ஒன்று உமிழ்நீர். உமிழ்நீரை விழுங்க விழுங்க, மேலே ஏறிய அமிலம் கழுவப்பட்டு இறங்கும். நோன்பு நாட்களில் சிலர் வாயில் ஊறுவதையெல்லாம் துப்பிக்கொண்டே இருக்கிறார்கள். தன் உமிழ்நீரைத் தானே விழுங்குவது நோன்பை முறிக்காது. இதை மார்க்கம் படித்த எந்த ஆலிமைக் கேட்டாலும் சொல்வார். துப்பத் துப்ப தொண்டை காய்கிறது, எரிச்சலும் கூடுகிறது. இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே பகல் எரிச்சல் சிலருக்குக் குறையும்.

முதல் படி: இது எதுக்களிப்புதானா?

மார்பெலும்புக்குப் பின்னால் எரிச்சல், புளித்த ஏப்பம், குனிந்தால் அல்லது படுத்தால் அதிகமாவது, காலையில் தொண்டை கரகரப்பு, இரவில் வறட்டு இருமல். இவை எதுக்களிப்பின் அடையாளங்கள்.

மேல்வயிற்றில் பசி நேரத்தில் கடிப்பது போல வலி வந்து, ஏதாவது சாப்பிட்டதும் அடங்கினால் அது சிறுகுடல் புண்ணாக இருக்கலாம். அல்சர் விஷயம் வேறு. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியாலும், வலி மாத்திரைகளாலும் அது வருகிறது. அதற்கு வைத்தியமும் வேறு. புண் ஆறாத நிலையில் நீண்ட நேரம் பட்டினி கிடக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் விரதத்துக்கு முன்பே ஒரு குடல் இரைப்பை மருத்துவரைப் பாருங்கள். வட சென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கூப்பிடு தூரம்தான், அங்கே இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

இதைவிட முக்கியமானது நெஞ்சு வலி. நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, படியேறினால் வலி கூடுவது. இதில் எது இருந்தாலும் கேஸ் மாத்திரை கேட்டு மருந்துக்கடைக்கு வராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுங்கள். “கேஸ்னு நெனச்சுட்டோம்” என்ற வார்த்தையை இந்தத் தெருக்களில் துக்க வீடுகளில் எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு சில நேரம் வெறும் நெஞ்சுக் கரிப்பாக, வாந்தி உணர்வாக மட்டுமே தெரியும். சோடா குடித்துப் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள்.

இரண்டாம் படி: விரதத்துக்கு ஒரு வாரம் முன்பு

முதல் வேலை, டீயைக் குறைப்பது. ஒரு நாளைக்கு ஐந்தாறு டீ குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள் தலை விண் விண்ணென்று தெறிக்கும். அப்போது என்ன செய்கிறார்? நோன்பு திறந்த கையோடு கடைக்கு வந்து தலைவலிக்கு ஒரு செட் மாத்திரை கேட்கிறார். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் காய்ந்த வயிற்றில் இறங்கினால் இரைப்பையின் பாதுகாப்புப் படலம் பாதிக்கப்படும். இல்லாத புண்ணும் வரும். ஆக டீயில் ஆரம்பித்து அல்சரில் போய் முடிகிறது. அதனால் ஒரு வாரம் முன்பிருந்தே நாளுக்கு ஒரு டீயாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அப்படியும் தலைவலி வந்தால், கல்லீரல் கோளாறு இல்லாதவர்கள் பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொள்ளலாம். பேர் தெரியாத செட் மாத்திரை விரத காலத்தில் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போவது. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்கு அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தி எதுக்களிப்பைக் கூட்டும். இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் அவற்றை எப்போது போடுவது என்று கேட்க வேண்டும். குளோபிடோக்ரெலோடு ஓமிப்ரசோல் என்ற அமில மாத்திரை சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு விரதத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. அளவையும் நேரத்தையும் மாற்றித் தர வேண்டியது மருத்துவர். ரீடிங் 70-க்குக் கீழே போனால் அந்த நிமிடமே விரதத்தை விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது சிகரெட், பீடி, ஹான்ஸ், மாவா. புகையிலை அந்த வளையத்தைத் தளர்த்துவதோடு உமிழ்நீரையும் குறைக்கிறது. பகல் முழுக்க விட்டிருந்து இஃப்தார் (நோன்பு திறப்பு) முடிந்ததும் தெருமுனைக்குப் போய்ப் பற்றவைப்பவர்கள் நிறையப் பேர். பதின்மூன்று மணி நேரம் இல்லாமல் இருக்க முடிகிறது என்றால், நிறுத்துவதற்கு இதைவிட நல்ல மாதம் கிடைக்காது.

மூன்றாம் படி: மாத்திரையைச் சரியான நேரத்தில் போடுவது

பாண்டோப்ரசோல், ஓமிப்ரசோல், ரபிப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். அமிலம் சுரக்கும் இடத்திலேயே அதைத் தடுப்பவை. ஆனால் அவை வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது. சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். மருந்து ரத்தத்தில் ஏறியிருக்கும்போது சாப்பாடு உள்ளே போய் அமிலச் சுரப்பு தூண்டப்பட்டால்தான் முழுப் பலன் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பலன் குறைந்துவிடும். உடைத்தோ மென்றோ சாப்பிடவும் கூடாது. இரைப்பை அமிலத்தில் கரையாமல் இருக்கத்தான் மேலே பூச்சு இருக்கிறது.

முழுப் பலன் தெரிய மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். ஆகவே எரிச்சல் வந்த அன்று ஒன்று போட்டுவிட்டு “கேக்கலையே” என்று சலித்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் நோன்புக்குச் சில நாள் முன்பே தொடங்கிவிடுங்கள்.

நேரம் எப்படி? அதிகாலை எரிச்சல் உள்ளவர்கள் சஹருக்கு எழுந்ததும் பல் தேய்க்கும் முன்பே தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுவிடலாம். முகம் கழுவி, அடுப்புப் பற்றவைத்து, சாப்பிட உட்காரும்போது அரை மணி ஆகியிருக்கும். இரவு எரிச்சல் உள்ளவர்கள் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பைத் திறக்கும்போதே மாத்திரையையும் விழுங்கிவிட்டு, மாலைத் தொழுகையான மஃக்ரிபை முடித்துவிட்டு வந்து கஞ்சி குடிக்கலாம். தொழுகை இடைவெளி மாத்திரைக்குத் தேவையான இடைவெளியாகவும் ஆகிவிடுகிறது. ஒரே வேளை உண்ணும் விரதக்காரர்களுக்கு அந்த ஒரு வேளைக்கு முன்பு. அவ்வளவுதான்.

டோம்பெரிடோன் சேர்ந்த காப்ஸ்யூலைப் பலர் வெறும் கேஸ் மாத்திரை என்று நினைத்து மாதக்கணக்கில் வாங்குகிறார்கள். டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் சீரைப் பாதிக்கக் கூடியது. வயதானவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. ரானிடிடினை இன்னும் பேர் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அதில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு கலந்திருக்கும் கவலையால் அமெரிக்காவில் 2020-இல் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் 2022-இல் வந்த அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை. அதே வேலையைச் செய்யும் ஃபேமோடிடின் இருக்கிறது, மருத்துவரைக் கேளுங்கள்.

ஜெலுசில், டைஜீன் வகை மருந்துகள் உடனே தணிக்கும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சில ஆன்டிபயாடிக்குகள் ஆகியவற்றோடு சேர்த்துப் போட்டால் அவை உடம்பில் ஏறாது. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமும், மற்றவற்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரமும் இடைவெளி விடுங்கள். ஆல்ஜினேட் உள்ள சிரப் சாப்பாட்டுக்குப் பின் உணவின் மேல் ஒரு படலமாக மிதந்து, தேங்கி நிற்கும் அமிலம் ஏறாமல் தடுக்கும். படுக்கப் போகும்முன் எரிச்சல் வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதுதான் நல்ல தேர்வு. ஈனோவில் சோடியம் அதிகம், பிரஷர் உள்ளவர்களுக்கு ஆகாது. அது நுரைத்து வயிற்றை உப்ப வைப்பதே சிலருக்கு எதுக்களிப்பைத் தூண்டிவிடும்.

நான்காம் படி: நோன்பு திறக்கும் அந்த ஒரு மணி நேரம்

பாங்கு சொன்னதும் கை முதலில் எங்கே போகிறது என்பதில்தான் அன்றைய இரவு இருக்கிறது. சூடான சமோசா, மசால் வடை, பஜ்ஜி, மேலே ஒரு குளிர்பானம், நன்னாரி சர்பத்தில் பிழிந்த எலுமிச்சை. எண்ணெய் இரைப்பையிலேயே நீண்ட நேரம் தங்கும். சோடா வயிற்றை உப்ப வைக்கும். புளிப்பு ஏற்கெனவே எரிகிற குழாயில் படும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

பேரீச்சம்பழம் இரண்டு அல்லது மூன்று, ஒரு டம்ளர் தண்ணீர். தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் வாய் வாயாகக் குடியுங்கள். தொழுதுவிட்டு வந்து ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி. வறண்ட வயிற்றுக்கு இதைவிடப் பொருத்தமான உணவை நான் அறியேன். பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சுவதற்கு அரசே ஆண்டுதோறும் பச்சரிசி ஒதுக்குகிறது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்பவர்களில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள்.

வீட்டில் காய்ச்சுவதானால் எரிச்சல் உள்ளவர்களுக்கு ஏற்றபடி இப்படிச் செய்யலாம். ஒரு கப் பச்சரிசி நொய், கால் கப் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம். மூன்றையும் கழுவி அரை மணி நேரம் ஊற வையுங்கள். குக்கரில் மிகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, வெங்காயம் ஒன்றை நன்றாகக் குழைய வதக்குங்கள். பச்சை வெங்காயம்தான் எரிச்சலைத் தூண்டும், குழைய வெந்தது அவ்வளவாகச் செய்யாது. இஞ்சி பூண்டு விழுது வழக்கத்தில் பாதி. தக்காளி பாதிப் பழம் போதும், இல்லாவிட்டாலும் குறையில்லை. மிளகாய் ஒன்றைக் கீறாமல் முழுசாகப் போட்டுக் கடைசியில் எடுத்துவிடுங்கள். மஞ்சள், மல்லித்தழை, கொத்துக்கறி சேர்ப்பதானால் கொழுப்பு இல்லாத கறி. எட்டு கப் தண்ணீர் ஊற்றி ஐந்தாறு விசில். இறக்கிய பின் கெட்டித் தேங்காய்ப்பாலுக்குப் பதில் இரண்டாம் பால் ஒரு கப் ஊற்றிக் கிளறினால் போதும். புதினா அதிகம் சேர்க்காதீர்கள், அதுவும் தசை வளையத்தைத் தளர்த்தும் பொருள்தான். கஞ்சி கொதிக்கக் கொதிக்க வேண்டாம். விரலை வைத்தால் தாங்குகிற சூட்டில் குடியுங்கள்.

வடை இல்லாமல் நோன்புக் கஞ்சியா என்று கேட்பீர்கள். ஒரு வடை சாப்பிடுங்கள், கஞ்சி பாதி இறங்கிய பிறகு. மூன்று நான்கு வேண்டாம்.

ஐந்தாம் படி: இஷாவிலிருந்து தூக்கம் வரை

இரவுச் சாப்பாட்டை எங்கே வைப்பது என்பதுதான் இந்த மாதத்தின் பெரிய கேள்வி. இஷா என்ற இரவுத் தொழுகையை அடுத்து வரும் தராவீஹ் தொழுகையில் திரும்பத் திரும்பக் குனிந்து ருகூவும் ஸஜ்தாவும் செய்கிறோம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தரையில் நெற்றி வைத்தால் அமிலம் தொண்டைக்கு வருவது இயற்கை. “ஸஜ்தாவுல வாய்க்கு வந்துருதுண்ணே” என்று கூச்சத்தோடு சொல்பவர்கள் உண்டு. மறுபக்கம், தராவீஹ் முடித்துப் பத்து மணிக்கு மேல் பரோட்டா சால்னா சாப்பிட்டுப் படுத்தால் தூக்கமே கெடும்.

எனக்குச் சரியென்று படுவது இது. கஞ்சிக்குப் பிறகு அரை மணி கழித்து, ஏழு ஏழரைக்குள், முக்கால் வயிறு இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். இட்லி, இடியாப்பம், சப்பாத்தி, கொஞ்சம் சோறு, தோல் நீக்கிய கோழி, குழம்பு மீன். காசிமேட்டு மீனை இந்த மாதம் எண்ணெய் மிதக்க வறுக்காமல் புளி குறைத்துக் குழம்பு வையுங்கள். தொழுகைக்கு நடந்தே போய்வாருங்கள். திரும்பி வந்தபின் தண்ணீரும், தேவைப்பட்டால் ஒரு பழமும் மட்டும். மண்ணடிப் பக்கம் விடிய விடியக் கடை திறந்திருக்கும். நண்பர்களோடு போகலாம், பேசலாம், ஆனால் பதினொரு மணிக்குத் தட்டு நிறையச் சாப்பிடுவதை இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும். கடைசி நேரத்தில் மொத்தமாக ஊற்றாமல் இஃப்தாரிலிருந்து தூங்கும்வரை பிரித்துக் குடியுங்கள்.

ஆறாம் படி: சஹர்

சஹரைத் தவறவிட்டு இரவுச் சாப்பாட்டோடு நோன்பு வைப்பது எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு நல்லதல்ல. இரவு இரட்டிப்பாகச் சாப்பிடத் தோன்றும், எல்லாம் அங்கேயே கெட்டுவிடும்.

பிப்ரவரி, மார்ச்சில் வரும் ரம்ஜானில் சென்னையில் ஃபஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகை நேரம் ஏறத்தாழ ஐந்தேகால் வாக்கில். நான்கு மணிக்கு எழுந்து மாத்திரை, நாலரைக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது. கேழ்வரகுக் கஞ்சி, ஓட்ஸ், இட்லி, அவித்த முட்டை, தயிர் சோறும் வாழைப்பழமும். புளிக்காத தயிராக இருக்கட்டும். நேற்று மீந்த பிரியாணியும், ஊறுகாயும், கடைசியில் ஒரு ஸ்ட்ராங் டீயும் வேண்டாம். பால் குடித்தால் எரிச்சல் அடங்கும் என்பது அந்த நிமிடத்துக்கு மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அதுவே அமிலத்தைத் தூண்டும். குடிக்கக் கூடாது என்பதில்லை, அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்கோ எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட்டோ சாப்பிடுகிறவர்கள் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுக்கவே கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கிவிடும். ஒரு முழு டம்ளர் தண்ணீர், குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்த நிலை.

அப்புறம், இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: சஹர் முடித்துப் படுக்காதீர்கள். ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கொஞ்சம் ஓதுங்கள், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் இருப்பவர்கள் கடற்கரைச் சாலையில் மெதுவாக நடங்கள், வீட்டு வேலை பாருங்கள். ஏழு மணிக்கு மேல் தூக்கம் வந்தால் தூங்கலாம். துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் அவ்வளவு நேரம் விழித்திருக்க முடியாதுதான். அவர்கள் சஹரைக் கால் பங்கு குறைத்து, கொஞ்சம் முன்னதாக முடித்து, கீழே சொல்கிறபடி சாய்ந்து படுக்கட்டும்.

ஏழாம் படி: படுக்கை

தலைக்கு இரண்டு தலையணை வைப்பதில் பயன் இல்லை. கழுத்து மட்டும் மடிந்து வயிறு அழுந்தும். இடுப்புக்கு மேல் முழு உடம்பும் சரிவாக உயர வேண்டும். கட்டில் இருந்தால் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வையுங்கள். ஆறு அங்குலம் உயரம் வரும், அது போதும். ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வட சென்னையில் பாதி வீடுகளில் கட்டிலுக்கு இடம் ஏது? ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கிறோம். அதற்கும் வழி உண்டு. கெட்டியான போர்வைகள் இரண்டு மூன்றை அகலமாக மடித்து, இடுப்பிலிருந்து தலைவரை படிப்படியாக உயரும்படி அடுக்கி, அதன்மேல் பாயை விரியுங்கள். இடுப்பில் ஒரு மடிப்பு, முதுகில் இரண்டு, தோளுக்குக் கீழே மூன்று என்று வந்தால் சரிவு சரியாக அமையும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரைப்பையின் வளைவு அப்போது உணவுக்குழாய்க்குக் கீழே இருக்கும். வலது பக்கம் படுத்தால் நேர் எதிர்.

எட்டாம் படி: பகலில் எரிச்சல் வந்தால்

நிமிர்ந்து உட்காருங்கள். பெல்ட், லுங்கி முடிச்சு, பாவாடை நாடா எதுவானாலும் தளர்த்துங்கள். தரையில் குனிந்து பெருக்குவது, மூட்டை தூக்குவது போன்ற வேலைகளை முடிந்தால் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். பாரிமுனையில் சுமை தூக்குகிறவர்களால் தள்ள முடியாது. அவர்கள் இடுப்பை மடிக்காமல் முட்டியை மடித்துத் தூக்கினாலே வயிற்றின் அழுத்தம் குறையும். பிற்பகலில் கண் அசந்தால் சுவரில் சாய்ந்தபடி தூங்குங்கள்.

தானாக எதுக்களித்து வந்தால் நோன்பு முறியாது. வாய்வரை வந்ததைத் துப்பிவிடுங்கள். உங்கள் நிலை தனிப்பட்டதாக இருந்தால் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள்.

சஷ்டி, ஏகாதசி, புரட்டாசி, ஆடி, தவக்காலம்

இந்த விரதங்களில் தண்ணீர் குடிக்க அனுமதி பெரும்பாலும் உண்டு. அது பெரிய வசதி. இளஞ்சூட்டுத் தண்ணீரை அடிக்கடி ஒரு வாய் குடித்தாலே ஏறிய அமிலம் இறங்கிவிடும். இங்கே எரிச்சலுக்குப் பெரிய காரணம் காபி. “ஒண்ணும் சாப்பிடல, வெறும் காபிதான்” என்று வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் அக்காமார் சொல்வார்கள். காலி வயிற்றில் மூன்று நான்கு டம்ளர் டிகாஷன் காபி ஒரு வேளைச் சாப்பாட்டைவிட அதிகம் எரிக்கும். அதற்குப் பதில் நீர்மோர், இளநீர், வாழைப்பழம், ஜவ்வரிசிக் கஞ்சி.

கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் கந்தகோட்டம் முருகன் கோயிலுக்கு நடப்பவர்களில் பால் பழம் மட்டும் எடுப்பவர்கள் உண்டு, மிளகும் தண்ணீரும் மட்டும் எடுக்கும் மிளகு விரதம் இருப்பவர்களும் உண்டு. எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு மிளகு விரதம் ஏற்றதல்ல. ஒரு வேளை பச்சரிசிச் சோறு உண்டு இருப்பதும் விரதம்தான்.

புரட்டாசிச் சனிக்கிழமை பிரச்சினை வேறு. பகல் ஒரு மணி வரை எதுவும் இல்லை. படையல் முடிந்ததும் புளியோதரை, வடை, பாயசம், சாம்பார் எல்லாம் ஒரே இலையில், அதன் மேல் ஒரு தூக்கம். பாதி இலையோடு எழுந்து, மிச்சத்தை மாலையில் சாப்பிடுங்கள். பெருமாள் குறை சொல்ல மாட்டார்.

ஏகாதசிக்கு மறுநாள் பாரணைக்கு (விரதம் முடித்து உண்பதற்கு) சொல்லும் முறை அழகானது. அகத்திக்கீரை, சுண்டைக்காய், நெல்லிக்காய். எரிச்சல் உள்ளவர்கள் கீரையும் சோறும் முதலில் எடுத்து, நெல்லிக்காயைத் தயிர்ப் பச்சடியாகக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். ஆடிக் கூழும் அப்படித்தான். கேழ்வரகுக் கூழ் வயிற்றுக்கு இதமானது, கூடக் கடிக்கும் பச்சை வெங்காயமும் காரமான கருவாட்டுக் குழம்பும்தான் தொல்லை. முருங்கைக்கீரையோடு குடியுங்கள்.

கத்தோலிக்கர்களுக்குச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி. ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு சிறு உணவும் அனுமதி என்பதால் இதுதான் வயிற்றுக்கு எளிது. 59 வயது நிறைந்தவர்களுக்குத் திருச்சபைச் சட்டப்படி கட்டாயமும் இல்லை.

விரதத்தை விட வேண்டிய நேரம்

ரத்த வாந்தி, தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, நிற்காத வாந்தி, தலை சுற்றி மயக்கம். இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களே முடிவு செய்யாதீர்கள்.) சமீபத்தில் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தவர்களும், கர்ப்பிணிகளில் வாந்தி கடுமையாக உள்ளவர்களும் விரதம் தொடங்கவே வேண்டாம்.

நோயாளிக்கு நோன்பில் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. உடம்பு தேறியபின் விட்ட நோன்பைப் பிடித்துக் களா செய்யலாம், அதுவும் முடியாதவர்களுக்கு ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா இருக்கிறது. பெரியவர்கள் “இத்தனை வருஷம் விடாமப் புடிச்சேன்” என்று பிடிவாதம் செய்வார்கள். அவர்களிடம் வாதாடாமல், மருத்துவரையும் இமாமையும் ஒரே நாளில் பார்க்கக் கூட்டிப்போங்கள். இருவரும் ஒன்றையே சொல்லும்போது கேட்டுக்கொள்வார்கள்.

முடிந்த பிறகு

பெருநாள் அன்று காலையில் பாயசம், மதியம் பிரியாணி, சாயங்காலம் உறவினர் வீடுகளில் மறுபடி பிரியாணி. ஒரு மாதம் சிறிய உணவுக்குப் பழகிய வயிறு அன்றுதான் அதிகம் திணறும். ஒரு வீட்டில் பிரியாணி என்றால் மற்ற வீடுகளில் இரண்டு வாய் இனிப்போடு எழுந்துவிடுங்கள். சலாம் சொல்லப் போகிறோம், சாப்பிடப் போகவில்லை என்று வீட்டாரிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

அமில மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் பெருநாளோடு சட்டென்று நிறுத்தாதீர்கள். அடக்கி வைத்த அமிலம் கொஞ்ச நாளுக்குக் கூடுதலாகச் சுரந்து, முன்னைவிட எரியும். அளவைக் குறைப்பதா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதா என்பதை மருத்துவர் சொல்வார். விரதம் முடிந்தும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் எரிச்சல் தொடர்ந்தால் பழைய சீட்டையே காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டிருக்காமல் புறநோயாளிப் பிரிவுக்குப் போய் எண்டோஸ்கோபி தேவையா என்று கேளுங்கள். போகும்போது என்ன சாப்பிட்ட நாளில் எரிந்தது, எத்தனை மணிக்கு எரிந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.